தொற்றா? தீட்டா?

"செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது அப்பா!" என்று தாளை நீட்டுகிறாள் மகள். தந்தையார் முகத்தில் மலர்ச்சி இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறார், துடைக்கிறார், மறுபடி மாட்டுகிறார். "வேண்டாம்மா! காசம் இருக்கும், காமாலை இருக்கும், இன்னும் என்னென்னவோ இருக்கும். உனக்கு ஒட்டிக்கொண்டால் நாங்கள் என்ன செய்வோம்?" அடுக்களை வாயிலில் நின்று தாயார் கண்ணைத் துடைக்கிறார். அத்தையார் ஒருபடி மேலே சென்று, "கண்டவன் மலச்சட்டியைத் தூக்கவா பெண்ணைப் படிக்க வைத்தோம்?" என்று கேட்கிறார்.

பெற்றோர் பேசியது அச்சம். அத்தையார் பேசியது ஆணவம். நம் வீடுகளில் இவ்விரண்டும் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டே நடப்பதால், ஆணவம் தன்னை அச்சம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறது. ஆகவே பிரித்தே பேசுவோம்.

முதலில் அச்சம். அதை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆபத்து மெய்யானது. 2018 மே மாதம் கேரளத்துப் பேராம்பிராவில், வந்திருப்பது எந்த நோய் என்று யாருக்கும் தெரியுமுன்பே நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலி லினி, நிபா நோய்க்குப் பலியானார். இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகளின் தாய் அவர். அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தந்தைக்குத்தான் நெஞ்சு நடுங்காது?

ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுவது நியாயமா? 2019இல் அதே கேரளத்தில், எர்ணாகுளத்தில், அதே நோய் மறுபடி தலைகாட்டியது. நோயாளிக்குத் தனி அறை; பணியாளருக்கு முழு உடற்காப்பு உடை; அவரோடு பழகியோர் மீது இடைவிடாக் கண்காணிப்பு! வேறொருவருக்கும் பரவவில்லை. அந்த இளைஞரும் பிழைத்தெழுந்தார். கிருமி அதே கிருமிதான், மாறியது ஏற்பாடு! தொற்று என்பது தலைவிதி அன்று, தடுக்கத்தக்கது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கணக்கையும் பார்ப்போம். எச்.ஐ.வி. கலந்த குருதி பட்ட ஊசி கையில் குத்திவிட்டால், ஆயிரம் முறையில் ஏறத்தாழ மூன்று முறையே நோய் பற்றுகிறது. அந்த மூன்றையும் குறைக்க, 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உண்ணும் மருந்து உண்டு. பி வகைக் கல்லீரல் அழற்சி இதைவிடக் கொடிது. காப்பில்லாதவருக்கு நூற்றுக்கு ஆறு முதல் முப்பது வரை பற்றக்கூடும். ஆனால், ஆறு திங்களில் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, காப்பு ஏற்பட்டதா என்று குருதிச் சோதனையும் செய்துகொண்டவரிடம் அது வாலாட்டுவதில்லை. சி வகைக்குத் தடுப்பூசி இல்லை, மறைப்பானேன்? எனினும் மூன்று திங்கள் மாத்திரையில் பெரும்பாலோர் குணமடைகின்றனர். காசநோய்க்குச் சன்னலைத் திறக்க வேண்டும், மூக்கோடு ஒட்டிய முகக்கவசம் அணிய வேண்டும், இருமல் தொடர்ந்தால் உடனே சோதிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதலாவது, கை கழுவுதல்! 1847 ஏப்ரலில் வியன்னா மகப்பேறு மனை ஒன்றில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் மாண்டனர். குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டு வாருங்கள் என்றார் செம்மல்வைஸ் என்ற மருத்துவர். ஜூனில் சாவு நூற்றுக்கு இரண்டாக இறங்கியது. அப்போதும், எங்கள் கையா அழுக்கு என்று சினந்த மேதைகள் இருந்தார்கள்! கௌரவம் அறிவின் கண்ணை மறைப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் அன்று.

இனி ஒரு கேள்வி, பெரியவரே! உம் தந்தையார் காசத்தில் கிடந்தாரே, அவர் எச்சிற் கிண்ணத்தை எடுத்தவர் யார்? மருமகள்தானே? பிள்ளைக்கு அம்மை கண்டபோது பக்கத்தில் படுத்தவர் யார்? கையுறை கொடுத்தீரா? தடுப்பூசி போட்டீரா? அன்று ஏன் உமக்குத் தொற்று நினைவுக்கு வரவில்லை? வீடுதோறும் பெண்கள் செவிலியராகத்தான் இருக்கிறார்கள் – பயிற்சி இல்லாத, பாதுகாப்பு இல்லாத, ஊதியம் இல்லாத செவிலியராக! அதையே கற்று, காப்பு அணிந்து, சம்பளம் வாங்கிச் செய்கிறேன் என்று மகள் சொன்னவுடன் கிருமி கண்ணுக்குத் தெரிகிறதே, இது என்ன விந்தை!

விந்தை ஒன்றுமில்லை. இங்கேதான் அத்தையார் வருகிறார். "கண்டவன்" என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்தக் குலத்தான் என்று தெரியாதவனை நம் வீட்டுப் பெண் தொடுவதா? இரவுப் பணிக்குப் போகிறவளுக்கு மாப்பிள்ளை கிடைப்பானா? இந்தக் கேள்விகள் கிருமியைப் பற்றியவை அல்ல. இவை தீட்டைப் பற்றியவை. மனிதன் மனிதனைத் தொட்டால் கெட்டுப்போவான் என்று கற்பித்த பழைய நஞ்சு, இப்போது மருத்துவச் சொல்லை மேலாடையாகப் போர்த்திக்கொண்டு வருகிறது. 2020 ஏப்ரலில், கொரோனாவுக்குப் பலியான ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் தாக்கி விரட்டினார்களே, அந்தக் கூட்டத்தின் கையில் இருந்தது விஞ்ஞானமா?

பழம்பெருமை பேசுவோருக்கும் ஒரு சொல். மருத்துவத்தை நான்கு கூறாக்கிய வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து மருந்தூட்டுபவரையும் சேர்த்தே எண்ணினார். குறளுக்கு விழா எடுக்கிறவர்கள், அந்த நான்காவது இடத்துக்குத் தம் பெண்ணை அனுப்ப ஏன் நாணுகிறார்கள்? மாரியம்மையின் சீற்றம் என்றார்களே பெரியம்மையை, அது 1980இல் உலகிலேயே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டதே, கூழ் வார்த்தா ஒழிந்தது? ஊசியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர்களால் அன்றோ ஒழிந்தது!

இவ்வளவும் சொன்னபின், அச்சத்துக்கு உரிய இடத்தையும் காட்டிவிட வேண்டும். அது மகளின் முன் நிற்கக்கூடாது. நிர்வாகத்தின் முன் நிற்க வேண்டும். முகக்கவசத்தை எண்ணி எண்ணிக் கொடுப்பவர்கள், நாற்பது நோயாளிக்கு ஒரு செவிலியை நிறுத்தி வைப்பவர்கள், ஓய்வில்லாமல் ஓடுகிறவள் கையில் ஊசி குத்தினால் "கவனக்குறைவு" என்று எழுதுபவர்கள் – இவர்களே தொற்றின் தரகர்கள்! 2015இல் தேர்வு வாரியத்தின் வழியே எடுக்கப்பட்ட அரசு ஒப்பந்தச் செவிலியருக்குத் திங்களுக்கு 7,700 ரூபாய் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடியே தம் குறையை நாட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது எத்தனை பெற்றோர் அவர்கள் பக்கம் நின்றார்கள்? "அதற்குத்தான் வேண்டாம் என்றேன்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் அமர்வது எளிது.

எனவே பெரியவரே, மகளோடு நீரும் கல்லூரிக்குப் போம். முதல்வரிடம் கேளும்: பயிற்சிக்காக வார்டுக்கு அனுப்புமுன் மூன்று தவணைத் தடுப்பூசியும் முடிந்துவிடுமா? ஊசி குத்தினால் நள்ளிரவிலும் மருந்து தருவோர் யார்? காசநோய்ப் பகுதிக்குப் போகும் மாணவிக்கு எந்த முகக்கவசம் தருவீர்கள்? விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேர், அதற்குச் சன்னல் எத்தனை? மழுப்பினால் விடாதீர், எழுத்தில் கேளும். மற்றப் பிள்ளைகளின் பெற்றோரும் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளும்.