முதற் படி எங்கே?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து எங்கள் அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி வடம் செயற்பாட்டுக்கு வந்தது. செயற்கைக்கோளையே நம்பிக் கிடந்த தீவுக்கு அகன்ற வழி திறந்தது. இனிக் கராச்சர்மாவில் இருந்துகொண்டே சென்னை நிறுவனத்துக்கு வேலை செய்யலாம் என்று மனக்கோட்டை கட்டினோம்.

ஆனால், தோழர்களே, நமக்கு முன்னரே செயற்கை நுண்ணறிவு அவ்வேலையில் அமர்ந்துகொண்டிருக்கிறது. வாடிக்கையாளருக்கு மறுமொழி எழுதவும், கடன் விண்ணப்பத்தைச் சலிக்கவும், நிரல் எழுதவும் வங்கி முதல் ஆலை வரை அதனை நாடுகின்றன. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு காரணமன்று, திறன் பொருந்தாமையே காரணம் என்றனர். இருக்கட்டும், திறன் எங்கே வளர்வது?

1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் கல்கத்தாவில் கணிப்பொறியை எதிர்த்துப் போராடினர். அவர்களைப் பிற்போக்கினர் என்று நகைப்போர் உண்டு, நான் நகையேன். ஆயினும் பொறியை விரட்டுவது என் கட்சியன்று. கணக்கில் பிழை செய்து, மேலாளரிடம் திட்டு வாங்கி, மறுநாள் திருத்தித்தான் ஒருவன் தொழில் கற்கிறான். அந்தத் தொடக்க வேலையைப் பொறிக்குத் தந்துவிட்டு, "அனுபவம் உள்ளவர் மட்டும் விண்ணப்பிக்க" என்று விளம்பரம் செய்வது என்ன நியாயம்?

இவ்வாண்டு வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனத்தாரிடம் சம்பளத்தை மட்டும் கேளாதீர்கள். பழகுநராக எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள், யார் கற்றுத்தருவார் என்றும் கேளுங்கள். விடையைச் சங்க அறிவிப்புப் பலகையில், நிறுவனத்தின் பெயரோடு ஒட்டுவோம்.