நின்ற கோலம்

பெருமாள் நின்றும், இருந்தும், கிடந்தும், நடந்தும் சேவை சாதிப்பதைத் திருநீர்மலையில் தரிசிக்கலாம். சமுத்திரத்திலும் இந்த நான்கு கோலங்களும் உண்டு. இப்போது பிரபலமாகி வரும் துடுப்புப் பலகையில் ஏறுகிறவர் முதலில் குப்புறக் கிடக்கிறார்; பிறகு முழங்காலிட்டு இருக்கிறார்; அப்புறம் நிற்கிறார். அலை மனமிரங்கிக் கரையை நோக்கித் தள்ளினால் அதுவே நடந்த கோலம். இவற்றுள் கிடந்த கோலந்தான் எல்லோருக்கும் எளிதில் சித்திக்கிறது!

பலகை சுமார் 10 அடி நீளம், 2½ அடி அகலம். துடுப்பு ஆளைவிட ஒரு சாண் உயரம். ஹவாய்த் தீவுகளிலிருந்து 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு உலகெங்கும் பரவிய விளையாட்டு இது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், முழங்காலளவு அலையில், நாமும் பரீட்சை செய்து பார்த்தோம். முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். பார்வை காலடியில் இராமல் தொலைவில் இருக்க வேண்டும். அலையை நேர்முகமாகச் சந்திக்க வேண்டும். விலாவைக் காட்டினால் அது கவிழ்த்துவிடும். துடுப்பு நீரில் இருக்கும் வரையில் அது மூன்றாவது கால். விழும்போது பலகைக்கும் கரைக்கும் நடுவே மட்டும் விழலாகாது. அலை பலகையைத் தூக்கி நம் மேலேயே வீசும்.

இந்தப் பாடங்களில் எது புதிது? எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் கட்டுமரம் தள்ளிய மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவையே இவை. இலேசான சில மரங்களைக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். நீர் புகுந்து தேங்குவதற்கு அதில் குழியே இல்லை. அலை மேலே ஏறி வழிந்து போய்விடும். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து உலர்த்துவார்கள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், அலைக்கு அப்பால் நின்ற கப்பல்களுக்குக் கட்டுமரக்காரர்களே கூம்புக் குல்லாய்க்குள் கடிதங்களை நனையாமல் கொண்டு சென்றார்கள். நம் சொல்லையே ஆங்கிலேயர் 'காட்டமரான்' என்று எடுத்துக்கொண்டு, இரட்டை உடல் படகுக்குச் சூட்டினார்கள்.

அப்படியானால் கோவளம் வரை போவானேன், எர்ணாவூரிலேயே பலகை ஏறலாகாதா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பலகைக்கு முதலில் மணல் வேண்டும். இந்தக் கடலோரத்தில் மணல் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1875-இல் அஸ்திவாரமிட்ட துறைமுகத்தின் சுவர்கள் அதைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் கடல் கரையை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள். வீடுகளுக்கு அது காவல்தான். ஆனால் பெரும்பகுதிக் கரை கல்லாயிற்று. கல்லின் மேல் பலகையும் இறங்காது; கட்டுமரமும் இறங்காது.

2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அந்தக் கசடு எர்ணாவூர்க் கற்களுக்கிடையே வந்து தங்கிற்று. மீனவர்களும் தொண்டர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். தென்கரைக்கு விளையாட்டு, வடகரைக்கு வாளி என்று பங்கு பிரிப்பது நியாயமாகாது.

பரிகாரம் இல்லாமலில்லை. புதுச்சேரியில் 2018-இல் கடலடியில் எஃகுத் திட்டு அமைத்து, மணலும் நிரப்பி, இழந்த கரையில் ஒரு பகுதியை மீட்டார்கள். வடசென்னையிலும் துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கும் மணலை வடக்கே சேர்ப்பிக்கும் வழியை நிபுணர்கள் ஆராய்ந்து சொல்லட்டும். பலகை விலைக்குக் கிடைக்கும். எர்ணாவூர்ப் பிள்ளைகளுக்கு அலையைப் பற்றிக் கற்பிக்க அவர்கள் பாட்டன்மார்களே போதும். முதலில் அவர்கள் கால் வைக்கக் கொஞ்சம் மணல் வேண்டும்.