இன்னொரு சத்னாம் எதற்கு?

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

சாமல்பட்டியிலிருந்து எழுதுகிறேன். ஊத்தங்கரை, போச்சம்பள்ளி பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் வீட்டில் அப்பாவோ அம்மாவோ சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை.

அதில் ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பு, ஆறடியைத் தாண்டிவிட்டான். போகிற இடமெல்லாம் “அடுத்த சத்னாம் சிங்” என்கிறார்கள். ஒரு தேர்வு முகாமில் சுவரோரம் நிறுத்தி உயரம் குறித்தார்கள், பிறகு ரிங்குக்கு அடியிலேயே நிற்கச் சொன்னார்கள். பந்து அவன் கைக்கு வரவேயில்லை என்றுகூடச் சொல்லலாம்.

சத்னாம் ஏழடி இரண்டு அங்குலம். பஞ்சாபில் பல்லோ கே கிராமத்துக்காரர். லூதியானாவில் பயிற்சியாளர் எஸ். சுப்பிரமணியன் கையில் உருவாகி, 2010இல் அமெரிக்கா போனார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2015 டிராஃப்டில் டல்லஸ் மேவரிக்ஸ் அவரை 52ஆவதாக எடுத்தது. டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர்தான். ஆடியது சென்டர் இடம். ரிங்குக்கு முதுகைக் காட்டி, உடம்பால் இடம் பிடிப்பது அவர் பலம். ஆனால் அதற்குள் என்.பி.ஏ. மாறிக்கொண்டிருந்தது. நெட்டையர்களும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வந்து எறியவேண்டிய காலம். ஓர் என்.பி.ஏ. ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை.

பின்னால் வந்த பிரின்ஸ்பால் சிங்கும் பஞ்சாபி, லூதியானாவில் பழகியவர், ஆறடி பத்து அங்குலம். ஒப்பிடாமல் விடுவார்களா? சத்னாமை அளவுகோலாக வைத்தால் பிரின்ஸ்பால் குட்டை, உடம்பும் போதாது. ஆனால் அவர் ஃபார்வர்டு. ரீபவுண்ட் எடுத்த கையோடு மறுமுனைக்கு ஓடவேண்டிய இடம் அது. 2020இல் என்.பி.ஏ.வின் வளர்ப்பு லீகான ஜி லீகின் இக்னைட் அணியில் சேர்ந்தார். 2021 கோடைகால லீகில் பட்டம் வென்ற சாக்ரமென்டோ கிங்ஸ் அணியிலும் இருந்தார். என்.பி.ஏ. அணியில் அவருக்கும் இடம் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்தியதற்கு ஊரும் உயரமும் தவிர வேறு என்ன காரணம்?

இந்த ஒப்பீட்டு வியாதி நமக்கு மட்டும் இல்லை. மைக்கேல் ஜோர்டன் மாதிரி எகிறுகிறார் என்று ஹெரால்ட் மைனருக்கு ‘பேபி ஜோர்டன்’ என்று பெயர் வைத்தார்கள். 1993, 1995 டங்க் போட்டிகளில் ஜெயித்தார்; 1996க்குப் பிறகு என்.பி.ஏ.வில் ஆளே இல்லை.

எங்கள் பையனுக்கு வருவோம். வலக்கை லே-அப் சுத்தம். இடக்கையில் போட்டால் போர்டில் ஓங்கிப் பட்டு வெளியே ஓடும். பந்தோடு இடதுகாலை ஊன்றிச் சுழலும்போது எதிராளி முதலில் எகிறட்டும் என்று ஒரு கணம் காத்திருக்கிறான் பாருங்கள், அதை நான் சொல்லித்தரவில்லை. தடுப்பாட்டத்தில் சோம்பேறி, முழங்காலை மடக்கச் சொன்னால் முறைப்பான். சத்னாம் என்ற பெயருக்குள் இதில் எதுவும் அடங்காது.

விளையாட்டு விடுதித் தேர்வுகளில் உயரத்தைக் குறியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே நெட்டையான பிள்ளைகளைப் பத்து நிமிடமாவது ரிங்கை விட்டுத் தள்ளி, பக்கவாட்டில் ஆடவிடச் சொல்லுங்கள். கால் எப்படி, இடக்கை எப்படி, தடுப்பு எப்படி என்று பார்த்தவர் ஒரு தாளில் நாலு வரி எழுதிப் பிள்ளை கையில் கொடுக்கட்டும். தேர்வாகாத பிள்ளைக்கும் அது வேண்டும். மறுநாள் மாலை எதைப் பழக்குவது என்று எங்களுக்கும் தெரியும்.

இப்படிக்கு,
கூடைப்பந்துப் பயிற்றுநர்,
சாமல்பட்டி