உருண்டை எங்கே?

என் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றைக்குத்தான், பெண்ணின் பிரசவத்துக்காக என் மனைவி புனேக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. இரண்டையுமே தள்ளிப்போட முடியாது. பெட்டியைப் பூட்டிக்கொண்டே, "சமையலைச் சமாளிச்சுடுவீங்களா?" என்று கேட்டாள். "பேஷா!" என்றேன். முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்து சாப்பிட்ட அனுபவம் இருக்கிறதே!

அக்காவுக்கு 78 வயது. எனக்கு அதில் பத்து குறைவு. ஜுரத்தில் படுத்து எழுந்ததில் ஆள் பாதியாகி விட்டாள். "நல்லா சாப்பிட வையுங்க சார், இப்போதைக்கு அதுதான் மருந்து" என்றார் டாக்டர். "உப்பைக் குறைச்சுக்குங்க" என்றும் சொன்னார். நன்றாகச் சாப்பிட வைப்பதையும் உப்பைக் குறைப்பதையும் ஒரே தட்டில் எப்படிப் பரிமாறுவது என்று மட்டும் சொல்லவில்லை.

முதல் மூன்று நாள் கஞ்சி. இரண்டு ஸ்பூன் குடிப்பாள், தட்டைத் தள்ளி விடுவாள். "வாய் மண்ணு மாதிரி இருக்குடா." நாலாம் நாள் காலையில் அவளாகவே சொன்னாள்: "அம்மா வைக்கிற மாதிரி பருப்பு உருண்டைக் குழம்பு இருந்தா ரெண்டு வாய் சாப்பிடுவேன்."

கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் அம்மாவின் நோட்டு இருக்கிறது. 1967-ல் அக்காவின் கல்யாணத்துக்கு அம்மா தன் கைப்பட எழுதிக் கொடுத்தது. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-லேயே வந்துவிட்டது. அதை வாங்கிச் சீர் வரிசையில் வைக்க வசதியில்லாத வீடுகளில் அம்மாக்களே மீனாட்சி அம்மாள்களாகி விடுவார்கள். அக்காவுக்கு எல்லாம் மனப்பாடமான பிறகு நோட்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டாள். அட்டையில் எண்ணெய், உள்ளே மஞ்சள், ஓரத்தில் கரப்பான் கடித்த அடையாளம். அசல் சமையல் நோட்டு.

"நீயே சொல்லேன் அக்கா, நான் செய்யறேன்" என்றேன்.

"நோட்டுல எப்படி இருக்கோ அப்படியே செய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நோட்டில் இப்படி இருந்தது: துவரம்பருப்பு ஒரு ஆழாக்கு. மிளகாய் வற்றல் 6. பெருங்காயம் சுண்டைக்காய் அளவு. புளி எலுமிச்சங்காய் அளவு. உப்பு திட்டமாக.

அதற்குமேல் இரண்டே வரி செய்முறை. அம்மாவைப் பொறுத்தவரை இது போதும். எதிரில் நிற்கிற பெண்ணுக்கு மீதி தெரியும். அந்தப் பெண் வேண்டுமே!

ஆழாக்கிலிருந்து ஆரம்பித்தது வினை. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஊருக்கு ஊர் படி மாறும் என்றாலும் ஒரு ஆழாக்கு சுமார் 168 மில்லி என்று கணக்கு. எங்கள் வீட்டில் ஆழாக்கு கிடையாது. எலெக்ட்ரிக் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப் இருக்கிறது. அது ஜப்பான்காரன் அளவு, 180 மில்லி. பெண் வாங்கிக் கொடுத்த கேக் சாமான்களில் ஒரு கப் இருக்கிறது. அது அமெரிக்கா அளவு, 240 மில்லி. கும்பகோணத்துக் குழம்புக்கு ஜப்பானா அமெரிக்காவா? ஜப்பான் கிட்டத்தில் இருப்பதால் அதையே எடுத்துக்கொண்டேன்.

மிளகாய் 6. எந்த மிளகாய்? ராமநாதபுரம் குண்டு மிளகாயா, ஆந்திராவிலிருந்து வருகிற நீட்டு மிளகாயா? டப்பாவில் இருந்ததோ காஷ்மீர் மிளகாய். நிறம் ஆளை அசத்தும், காரம் கொஞ்சம்தான். சுண்டைக்காய் அளவு என்று அம்மா எழுதியது கட்டிப் பெருங்காயம். நம்மிடம் இருப்பது தூள். டப்பாவின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் மைதா மாவும் பிசினும் கலந்திருப்பதாக அவர்களே பொடி எழுத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். சுண்டைக்காயை எத்தனை ஸ்பூன் என்று எண்ணுவது? எலுமிச்சங்காய் அளவு புளிக்குப் பதில் பாட்டிலில் வருகிற புளி விழுது. அதில் ஏற்கெனவே உப்பு சேர்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அதன்மேல் 'திட்டமாக' நானும் போட்டேன். நான் போட்டது தூள் உப்பு. அம்மா காலத்தில் கல் உப்பு. ஒரு ஸ்பூன் கல் உப்பில் பாதி இடம் காற்றுக்குப் போய்விடும், தூள் உப்பு இண்டு இடுக்கெல்லாம் நிரம்பி உட்கார்ந்துகொள்ளும். ஸ்பூன் ஒன்றுதான், உப்பு ஒன்றல்ல.

இத்தனை மாற்றங்களைத் தெரிந்தும் தெரியாமலும் செய்துவிட்டு, ஊறின பருப்பை மிக்ஸியில் போட்டேன். சுற்ற மறுத்தது. தண்ணீர் விட்டேன். ஜோராகச் சுற்றியது. சந்தனம் மாதிரி வந்தது. உருட்ட வரவில்லை, வழித்து வழித்துக் கொதிக்கிற குழம்பில் விட்டேன்.

அக்கா கரண்டியால் இரண்டு முறை துழாவினாள். "உருண்டை எங்கேடா?"

"கரைஞ்சு போச்சு அக்கா."

"அப்ப சாம்பார்னு சொல்லு." ஒரு வாய் வைத்தாள். "உப்பும் கரிக்குது."

அன்றைக்கும் கஞ்சிதான்.

உப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் பயந்துவிட்டேன் என்பதால் சாயந்திரம் கடைக்குப் போனேன். கடைப் பையன் ஒரு பாக்கெட்டை நீட்டினான். "சோடியம் கம்மி சார். பி.பி.காரங்க எல்லாம் இதைத்தான் வாங்கறாங்க." ருசியும் உப்பு மாதிரி, பார்வைக்கும் உப்பு மாதிரி. இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று டாக்டருக்குப் போன் செய்தேன்.

"வேண்டவே வேண்டாம்" என்றார். அந்த பாக்கெட்டில் சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கிறார்களாம். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்குக் கூடுதல் பொட்டாசியம் வெளியே போய்விடும். அக்காவுக்கு அது கொஞ்சம் மந்தம், போதாக்குறைக்கு அவள் சாப்பிடுகிற பி.பி. மாத்திரையும் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கிற ரகம். அளவு மீறினால் இதயத் துடிப்பையே கெடுக்கும் என்றார். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த ரக உப்பைச் சிபாரிசு செய்தபோதுகூட, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளைத் தன் சிபாரிசில் சேர்க்கவில்லை. கடைப் பையன் பேரில் தப்பில்லை. அவனுக்கு என் அக்காவைத் தெரியாது. எனக்குத் தெரிந்தும் வாங்க இருந்தேனே, அதை நினைத்தால்தான் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாள் இரண்டாவது முயற்சி. உருண்டை கரையக் கூடாது, அவ்வளவுதானே? பிடிப்புக்கு அரிசி மாவு சேர்த்தேன். போதவில்லை என்று பொட்டுக்கடலை மாவு. அதற்கும்மேல் மனத் திருப்திக்கு இன்னொரு கை அரிசி மாவு. பிரமாதமாக உருண்டது. குழம்பில் ஒரு மணி நேரம் கொதித்தும் அசையவில்லை.

அக்கா ஒன்றை எடுத்துத் தட்டு விளிம்பில் தட்டிப் பார்த்தாள். 'ணங்' என்றது. "பிறக்கப் போறது பேரனோ பேத்தியோ தெரியலை. அதுக்குள்ள கோலிக்குண்டு செஞ்சு வெச்சுட்டியேடா!"

அன்று ராத்திரி மோர் சாதத்தைப் பிசைந்தபடி என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போட்ட முதல் ஆசாமியா நான்? மிளகாயே நம்முடையது இல்லையே! போர்த்துக்கீசியர்கள் கொண்டு வந்து கொடுக்கும்வரை காரம் என்றால் இங்கே மிளகுதான். மிளகுக்கு மாற்றாக வந்த மிளகாய் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டுவிட்டது. திவசச் சமையலில் மட்டும் இன்னும் பல வீடுகளில் அதை உள்ளே விடுவதில்லை. ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் மலேயா பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது. சேகோ என்கிற பனை ஜாதி மரத்தின் சோற்றிலிருந்து செய்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் கப்பல் நின்றது. 1943 வாக்கில் சேலத்துக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கு மாவை உருட்டி வறுத்து, 'இதோ ஜவ்வரிசி' என்றார்கள். இன்றைக்குப் பாயசத்தில் மிதப்பதும் வடாமாய்க் காய்வதும் அதுதான். அசல் ஜவ்வரிசியைக் கொண்டு வந்து வைத்தால் நாம் போலி என்று திருப்பி அனுப்பிவிடுவோம். அதே யுத்தத்தில் அரிசிப் பஞ்சம் வந்தபோதுதான் ரவையில் இட்லி வார்த்தோம் என்று பெங்களூரில் ஓர் ஓட்டல்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

சேலத்துக்காரர்கள் உருட்டினது கரையவில்லை, என்னுடையது மட்டும் ஏன் கரைந்தது? கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் புனேக்குப் போன் போட்டேன்.

மனைவி முழுக்கக் கேட்டாள். சிரிக்கவில்லை. (பின்னால் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது.) "பருப்பு பேர்ல தப்பில்லை. உங்கம்மா ஆட்டுக்கல்லுல அரைச்சாங்க. அதுக்குச் சொட்டுத் தண்ணி வேண்டாம். நீங்க மிக்ஸியில அரைச்சீங்க. அதைக் கணக்குல சேர்த்தீங்களா?"

சாமானை மாற்றினால் பளிச்சென்று தெரிகிறது. பாத்திரத்தை மாற்றியது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆட்டுக்கல்லை மாற்றி நாற்பது வருஷம் ஆகிறது, எனக்கு இப்போதுதான் தெரிந்தது!

அவள் சொன்ன பக்குவம் இது. ஊறிய பருப்பை வடிதட்டில் கொட்டி நன்றாக வடிய விட வேண்டும். மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஓட்டி ஓட்டி நிறுத்திக் கொரகொரப்பாக எடுக்க வேண்டும். உருட்டி இட்லித் தட்டில் பத்து நிமிஷம் ஆவியில் வேக வைத்துவிட்டு, அப்புறம்தான் குழம்பில் சேர்க்க வேண்டும். "உருண்டையில உப்பே போடாதீங்க. குழம்புல இருக்கிறதை அதுவே இழுத்துக்கும். பாட்டில் புளியைத் தூரப் போட்டுட்டு நிஜப் புளி கரைங்க. புளிப்பும் பெருங்காயமும் தூக்கலா இருந்தா உப்பு குறைஞ்சது தெரியாது."

மூன்றாவது முயற்சி. கரையவும் இல்லை, ஒலிக்கவும் இல்லை. ஓர் உருண்டையைப் பிட்டுப் பார்த்தேன், பூப்போல விண்டது. எனக்கே கண் கலங்கியது.

அக்கா அரை உருண்டை சாப்பிட்டாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு. உன் பெண்டாட்டி கெட்டிக்காரி" என்றாள். கையைக் கழுவிக்கொண்டாள்.

"நல்லா இருக்குன்னா ஏன் அக்கா வெச்சுட்டே?"

பேசாமல் இருந்தாள். பிறகு, "இது நோட்டுல இருக்கிற குழம்புடா. நாம சாப்பிட்டது இது இல்லை."

"அப்ப?"

"காராமணி."

எனக்குப் புரியவில்லை.

"அறுபத்தஞ்சு, அறுபத்தாறுல மழை இல்லை. ரேஷன்ல கோதுமையைப் போட்டாங்க, ஞாபகம் இருக்கா? உனக்கு எட்டு வயசு, உப்புமாவைப் பார்த்தா அழுவே. அப்பாவோட வாத்தியார் சம்பளத்துக்குத் துவரம்பருப்பு மாசத்துல முதல் வாரம்தான். சாம்பாருக்கே காணாது, உருண்டைக்கு எங்கே போறது? அம்மா காராமணியை ராத்திரி ஊறப் போட்டு அரைச்சு உருட்டுவாங்க. பஞ்சம் போன அப்புறமும் அதுவே பழகிப் போச்சு."

"நோட்டுல துவரம்பருப்புன்னுதானே எழுதியிருக்காங்க?"

"அது என் மாமியார் கண்ணுல படற நோட்டு இல்லையா? எங்க வீட்டுல காராமணியிலதான் செய்வோம்னு எழுதிக் குடுப்பாங்களா? எழுதும்போது நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தாங்க. 'நீ வாயைத் திறக்காதே'ன்னாங்க. திறக்கலை."

ஐம்பத்தெட்டு வருஷம் திறக்கவில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. நான் இத்தனை வருஷமும் 'அம்மா கை மணம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது காராமணி மணத்தை.

அன்று ராத்திரியே ஊறப் போட்டேன். மறுநாள் அதே பக்குவம், ஜப்பான் கப், நிஜப் புளி, உருண்டையில் உப்பில்லை. அரைக்கும்போதே தெரிந்தது, காராமணி தானாகவே ஒட்டிக்கொள்கிறது. அரிசி மாவெல்லாம் கேட்கவில்லை. ஆவியில் வேகும்போது வந்த வாசனையில் கும்பகோணத்து வீட்டின் பின்கட்டு, புகை, கரியடுப்பு, எல்லாம் வந்து நின்றன.

அக்கா முதல் உருண்டையைச் சாப்பிட்டாள். இரண்டாவதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாதத்தை வழித்து, விரலையும் வழித்தாள். "உப்பு கம்மி" என்றாள். அது டாக்டர் உத்தரவு என்றேன். "அம்மாவும் கம்மியாத்தான் போடுவாங்க" என்றாள்.

ஒரு சந்தோஷத்தில் நோட்டை எடுத்து வந்து, 'துவரம்பருப்பு' என்ற வரிக்குப் பக்கத்தில் எழுதப் பேனாவைத் திறந்தேன்.

"அதுல எழுதாதே!" என்றாள் அக்கா.

"சரி. பத்திரிகையில எழுதலாமா? இந்த வாரத்துக்கு விஷயம் வேணும்."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அதுல எழுது. என் மாமியார்தான் போயாச்சே, யார் படிக்கப் போறாங்க?"