பிக்கப் வேனின் டீசல் எங்கே போகிறது?

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். இந்த ரோட்டில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒரு புகார் காதில் விழும்.

"அண்ணே, வண்டி மைலேஜே குடுக்க மாட்டேங்குது. பம்பைக் கொஞ்சம் பாருங்க!"

மெக்கானிக் பார்ப்பார். பில்டரை மாற்றுவார். பில் போடுவார். டிரைவர் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுப்பார். மறுவாரம் அதே புகார். வண்டி பழையபடியே டீசல் குடிக்கும்.

எஞ்சினை மட்டும் குடைந்து என்ன பயன்? வண்டியைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த வண்டியா அது? பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கூண்டு. கேபின் தலையில் கேரியர். முன்னால் கனமான இரும்பு கார்டு. அடியில் கூடுதலாக இரண்டு மூன்று பட்டை. காலில் பெரிய டயர். போதாக்குறைக்கு விளக்கு வரிசை, ஏர் ஹாரன், ஜரிகைத் தோரணம்!

இத்தனையும் தலையில் ஏற்றிக்கொண்டு வண்டி லிட்டருக்குக் கம்பெனி சொன்ன கிலோ மீட்டரைக் கொடுக்குமா?

ஒரு கணக்கு

ஒரு நாளைக்கு 100 கிலோ மீட்டர் ஓடும் வண்டி. லிட்டருக்கு 14 கிலோ மீட்டர் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். கூண்டும் கேரியரும் ஏறிய பிறகு 10 ஆகிவிட்டது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் கூடுதல். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று போட்டால் 250 ரூபாய்க்கு மேல் போச்சு. மாதம் 25 நாள் ஓடினால் 6,400 ரூபாய்! வண்டிக்குத் தவணை கட்டுகிறவனுக்கு இது சின்னத் தொகையா?

2005-ம் ஆண்டு "குட்டி யானை" வந்த பிறகு லாரி வாங்க வசதியில்லாதவர்களும் சொந்த வண்டிக்காரர் ஆனார்கள். திராட்சை, வாழை, தேங்காய், காய்கறி எல்லாம் இந்தச் சின்ன வண்டிகளில்தான் தோட்டத்தில் இருந்து சந்தைக்கும், மலை ஏறிக் கேரளாவுக்கும் போகின்றன. டிரைவர், கிளீனர், முதலாளி மூன்றும் ஒரே ஆள்தான். டீசலில் போகிற காசு அவன் வீட்டு அரிசிப் பானையில் இருந்து போகிறது.

காற்றின் கை

மலையிலும் சமவெளியிலும் டீசல் போகிற வழி வேறு வேறு. இதைப் பலரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சமவெளியில் எதிரி காற்று. ஓடுகிற வண்டி முன்னால் நிற்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வண்டியின் முகம் எவ்வளவு உயரமோ, அகலமோ, அவ்வளவு காற்று எதிர்க்கும். வேகம் கூடினால் எதிர்ப்பு இன்னும் வேகமாகக் கூடும். 60 கிலோ மீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 80-ல் எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் அதிகம். கேபினுக்கு மேலே நீட்டி நிற்கும் கூண்டும், படபடவென்று அடிக்கும் தார்ப்பாயும் காற்றுக்குப் பிடித்துக் கொடுத்த கைப்பிடி மாதிரி.

அதிலும் இந்த ஊர்க் காற்று சாமானியமா? தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியாகப் பள்ளத்தாக்குக்குள் பாய்கிறது. தேனி, ஆண்டிப்பட்டி பக்கம் காற்றாலைகளைக் கொண்டுவந்து நட்டதே அதற்காகத்தான். தேனியில் இருந்து குமுளி போகிற ரோடும் தென்மேற்கு நோக்கித்தான் போகிறது. அதாவது, காற்றின் முகத்தில் நேராக! வண்டி 60-ல் போகிறது, எதிர்க்காற்று 30-ல் அடிக்கிறது என்றால், வண்டிக்கு அது 90-ல் போகிற மாதிரி. எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு.

"திரும்பி வரும்போது அதே காத்து தள்ளி விடுமே?" என்று கேட்கலாம். தள்ளும். ஆனால் குமுளியில் இருந்து வருவது இறக்கம். அங்கே எஞ்சினுக்கே அதிக வேலை இல்லை. போகும்போது இழந்தது வரும்போது முழுதாகத் திரும்பாது.

மெட்டு ஏறும்போது

மலையில் வேகம் இல்லை. அங்கே காற்று பெரிய விஷயமில்லை. எடைதான் எல்லாம்.

போடியில் இருந்து போடிமெட்டு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். 17 கொண்டை ஊசி வளைவு. 100 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் சுமார் 90 மில்லி டீசல் வேண்டும். அப்படியானால் கூண்டு, கார்டு, பட்டை எல்லாம் சேர்ந்து 200 கிலோ என்றாலும் ஒரு ஏற்றத்துக்கு 16 ரூபாய்தான். "இவ்வளவுதானா?" என்று தோன்றும்.

ஆனால் கூண்டை யாரும் சும்மா வைத்திருப்பதில்லை. உயரம் இருக்கிறதே என்று பெட்டி மேல் பெட்டி அடுக்குகிறார்கள். பட்டை தாங்குதே என்று மூட்டை ஏற்றுகிறார்கள். ஒரு டன் அதிகமானால் ஏற்றத்துக்கு மட்டும் 900 மில்லி. வளைவுக்கு வளைவு முதல் கியர். கிளட்ச் கருகுகிற வாடை பின்னால் வருகிறவன் மூக்கு வரை வரும்!

அதிக லோடு ஏற்றினால் நடை மிச்சம், வாடகை லாபம் என்பது வண்டிக்காரர் வாதம். மூட்டைக் கணக்கில் பார்த்தால் டீசல் மிச்சம் என்பதும் உண்மைதான். ஆனால் கிளட்ச், டயர், பிரேக் கணக்கு எங்கே? திரும்பும்போது காலி வண்டியில் கூண்டு இறங்கிவிடுகிறதா? மலை இறக்கத்தில் அத்தனை எடையையும் பிடித்து நிறுத்த வேண்டியது அதே பழைய பிரேக். பட்டறையில் பட்டை சேர்த்தார்களே தவிர, பிரேக்கைப் பெரிதாக்கினார்களா? சூடேறிய பிரேக் பிடிக்காமல் போனால் அப்புறம் மைலேஜ் கணக்குப் பார்க்க ஆள் இருக்காது.

டயர் சொல்லும் பொய்

இன்னொரு வேடிக்கை உண்டு. பெரிய டயர் போட்டால் கிலோ மீட்டரே குறைத்துக் காட்டும். சக்கரம் 10 சதவீதம் பெரிதானால், மீட்டரில் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 110 ஓடியிருக்கும். மைலேஜ் குறைந்ததாகத் தெரிவதில் ஒரு பங்கு வெறும் மீட்டர் பொய்! வேகமும் அப்படித்தான். 60 என்று காட்டும், ஓடுவது 66. டிரைவருக்கு இது தெரிந்திருக்கிறதா?

அதற்காகப் பெரிய டயரால் நஷ்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். கனமான சக்கரத்தை உருட்ட எஞ்சினுக்கு வேலை அதிகம். கியர் கணக்கும் மாறிப்போகும். மூன்றாவது கியரில் ஏறிய ஏற்றத்துக்கு இரண்டாவது கேட்கும். காற்றுக் குறைந்த டயர் என்றால் கேட்கவே வேண்டாம்.

உண்மை மைலேஜ் தெரிய ஒரே வழிதான். ஒரே பங்க்கில் டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டும். முதலில் கூண்டோடு. அப்புறம் கழற்றிவிட்டு. கையில் பேனாவும் பேப்பரும் போதும்.

பழைய வண்டிகளில் பம்ப் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டுகிற வித்தையும் நடக்கிறது. இழுவை கொஞ்சம் கூடும். பின்னால் கரும்புகை கிளம்பும். அந்தக் கரும்புகை முழுசாக எரியாத டீசல். காசு கொடுத்து வாங்கி ரோட்டில் ஊதுவதற்குப் பெயர் டியூனிங்காம்! 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் கம்ப்யூட்டரும் புகை வடிகட்டியும் இருக்கின்றன. அங்கே கை வைத்தால் செலவு இன்னும் பெரிது.

அமெரிக்காவிலும் இந்த வியாதி உண்டு. பத்தாண்டுகளில் 5 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றிவிட்டார்கள் என்று அந்நாட்டு அரசு அமைப்பு 2020-ல் கணக்குச் சொன்னது.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி தயாரித்த அமைப்பை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். அதிக லோடுக்கு 20,000 ரூபாய். அதற்கு மேல் டன்னுக்கு 2,000 வீதம் தனி. முன்பக்க இரும்பு கார்டு கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு உத்தரவு போட்டது.

நடப்பது என்ன? எப்.சி. நாளன்று கூண்டையும் கார்டையும் கழற்றி வீட்டு ஓரம் சாத்தி வைக்கிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி புத்தம்புது மாப்பிள்ளை மாதிரி நிற்கும். மறுநாள் பட்டறையில் எல்லாம் திரும்ப ஏறிவிடும். இந்த நாடகம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா?

அபராதம் கட்டுவது எப்போதும் டிரைவர்தான். கூண்டு கட்டிக் கொடுத்த பட்டறை தப்பிவிடுகிறது. "இன்னும் பத்துப் பெட்டி ஏத்துப்பா" என்று சொன்ன வியாபாரியும் தப்பிவிடுகிறார். பெட்டிக் கணக்கில் வாடகை பேசுகிற வரை கூண்டு உயர்ந்துகொண்டேதான் இருக்கும். எடைக்கும் தூரத்துக்கும் வாடகை பேச வேண்டும். சந்தை வாசலில் எடை மேடை வேண்டும். அங்கே போட்ட சீட்டு இல்லாமல் வண்டி மலை ஏறக் கூடாது. ஆர்.டி.ஓ. அதிகாரிகள் ரோட்டில் கை காட்டுவதோடு நிற்காமல் வெல்டிங் பட்டறைகளுக்கும் ஒரு நடை போய் வரட்டும். திராட்சை சீசனுக்கு முன்னால் போனால் நல்லது.