பச்சை ஜாக்கெட்டும் படப்பை ரோடும்

போன வாரம் பேத்தி படப்பைக்கு வந்திருந்தாள். சென்னையில் ஃபேஷன் டிசைன் படிக்கிறாள். தானே தைத்த ஜாக்கெட்டைக் காட்டினாள். கண்ணைக் கூசும் பச்சை. "நைட் கிளப் ஸ்டைல் தாத்தா. ராத்திரி ரோட்டுல நடந்தாலும் சேஃப்டி" என்றாள்.

முப்பது வருஷம் தொழிற்சாலையில் சேஃப்டி பிரிவில் இருந்தவன் சும்மா இருப்பேனா? இருட்டியதும் அவளைத் தெருக்கோடியில் நிற்க வைத்து ஸ்கூட்டர் ஹெட்லைட்டைப் போட்டேன். ஜாக்கெட் மங்கலாகத்தான் தெரிந்தது. என் பழைய டியூட்டி கோட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அதிலிருந்த வெள்ளிப் பட்டை பளீரென்று மின்னியது.

காரணம் எளிது. நியான் துணி புற ஊதாக் கதிரை வாங்கித்தான் ஒளிரும். அது பகல் வெயிலில் உண்டு, கிளப் விளக்கில் உண்டு. வண்டி ஹெட்லைட்டில் அவ்வளவாகக் கிடையாது. வெள்ளிப் பட்டையில் இருப்பது பொடிப்பொடியான கண்ணாடி மணிகள். விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். டிரைவர் கண்ணுக்கு அதுதான் தெரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஒரு நொடி முன்னால் தெரிவது உயிர்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி, கறுப்பு சுடிதாரில் ரோட்டைத் தாண்டும் பெண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு காலத்தில் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-வது பிரிவு பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்தது. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. கூடவே போக்குவரத்து, பாதுகாப்பு என்று நிபந்தனைகளும் விதித்தது. வேலை வந்துவிட்டது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு வீடு வரைக்கும் இருட்டுதான்.

என் கருத்து இது. கிளப்புக்குத் தைப்பவர்கள் இந்தப் பெண்களுக்கும் தைக்கட்டும். துப்பட்டா ஓரத்திலும், கை மடிப்பிலும், கணுக்காலிலும் ஒரு பட்டை போதும். அசைகிற இடத்தில் பட்டை இருந்தால் நடப்பது மனுஷர் என்று டிரைவருக்குச் சட்டெனப் புரியும். அழகாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் போட மாட்டார்கள்.

அதற்காகப் பழியைத் துணி மேல் போட்டுவிடக் கூடாது. தெருவிளக்கு எரிய வேண்டியது ஊராட்சி பொறுப்பு. வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டியது கம்பெனி பொறுப்பு. பட்டை அதற்கு மேல்தான்.

பேத்தி ஊருக்குக் கிளம்பும்போது என் பழைய கோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.