சுழல் விளக்கும் ஒரு சாண் வயரும்

குடியரசுத் தலைவர் முதல் அமைச்சர்கள் வரை எல்லோருடைய கார்களிலிருந்தும் 2017 மே 1 அன்று சுழல் விளக்கு இறங்கியது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 108ஆம் விதியைத் திருத்தி, அவசரப் பணிக்கும் பேரிடர்ப் பணிக்கும் ஓடும் வண்டிகளுக்கு மட்டும் பலவண்ண விளக்கு என்றார்கள். (ஆம்புலன்ஸை அழைக்கும் எண்ணும் 108 என்பது தற்செயல்தான்.) அதற்கு முன்பே, 2013 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் இந்த விளக்கு மோகத்தைக் கண்டித்துத் தீர்ப்பு எழுதியிருந்தது. விளக்கு யாருக்கு என்று இத்தனை ஆண்டு வழக்காடிய நாட்டில், அதை வண்டியில் யார் மாட்டுகிறார்கள், எப்படி மாட்டுகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தமிழக அரசு அதைக் கேட்க வேண்டும். மதுரையிலிருந்தே தொடங்க வேண்டும்.

தேனி, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று சுற்றுப்பட்ட மாவட்டங்களின் நோயாளிகளெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனை. 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவை மட்டுமே அந்தச் சுமையைத் தாங்குவதில்லை. தனியார், அறக்கட்டளை ஆம்புலன்ஸ்களும் ஓடுகின்றன. ஆலையிலேயே ஆம்புலன்ஸாகக் கட்டப்பட்ட வண்டியைப் பற்றி இங்கே கவலையில்லை. பழைய வேனை வாங்கி, சீட்டைக் கழற்றி, ஸ்ட்ரெச்சர் போட்டு, கூரையில் லைட் பார் ஏற்றும் வண்டிதான் கவலை.

அந்த வேலை எப்படி நடக்கக்கூடும் என்று ஒரு வயரிங் கடை வாசலில் நின்றால் புரியும். கூரைத் தகரத்தில் டிரில் போட்டு ஓட்டை. ஓட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். அதில் ரப்பர் புஷ் போடாமல் வயரை இறக்கினால், உசிலம்பட்டிச் சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் வயரின் தோல் கொஞ்சம் கொஞ்சமாக அறுபடும். கீழே பேட்டரியிலிருந்து ‘டைரக்ட் லைன்’. ஃபியூஸ் போட்டாலும் அதை டேஷ்போர்டு பக்கம் வைத்துவிட்டால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே ஓடும் நீளத்துக்குக் காவலே கிடையாது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஜாயின்ட்டுகளில் சுற்றிய டேப்போ மதுரைச் சித்திரை வெயிலில் பசை இளகிப் பிரிந்துவிடும்.

பன்னிரண்டு வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்ற அலட்சியம் பரவலானது. ஷாக் அடிக்காதுதான். ஆனால் வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பு கால் ஆம்பியர் அளவே இழுக்கும். அதே 60 வாட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும்; ஏறத்தாழ இருபது மடங்கு. வயரைச் சுட வைப்பது இந்த ஆம்பியர்தான். லைட் பார், சைரன், உள்விளக்கு, மின்விசிறி, இன்வெர்ட்டர் என்று ஒரே லைனில் கோத்துக்கொண்டே போனால் ஃபியூஸ் போகத்தான் செய்யும். போனதும் பத்துக்குப் பதில் முப்பது ஆம்பியர் ஃபியூஸைச் சொருகினால், அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் வயர் உருகும். ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்கு அல்ல, வயரைக் காப்பதற்கு.

உருகும் வயருக்கு அருகிலேயே ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிறது. 2024 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் பகுதியில் கர்ப்பிணியை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸின் என்ஜினில் புகை கிளம்பியது. ஓட்டுநர் உடனே எல்லோரையும் இறக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் தீ பரவி, சிலிண்டர் வெடித்து, வண்டி சிதறியது. அங்கே விளக்கு வயர்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. எங்கிருந்து தீப்பொறி கிளம்பினாலும் ஆம்புலன்ஸில் அது எங்கே போய் முடியும் என்பதற்கு அது சாட்சி. இறங்கி ஓட முடியாதவர்தான் அதில் பயணி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீப்பிடிக்காவிட்டாலும் தொல்லை உண்டு. அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும், அலங்காநல்லூர், பாலமேடு வாடிவாசல் பக்கத்திலும் ஆம்புலன்ஸ்கள் என்ஜின் ஐடிலில் மணிக்கணக்காக நிற்கின்றன. ஐடிலில் ஆல்டர்னேட்டர் முழு மின்சாரம் தராது. பற்றாக்குறையை பேட்டரி ஈடுகட்டும். அந்த நேரத்தில் என்ஜினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். வெளிச்சம் அதிகமாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்ற எண்ணமும் தவறு. கப்பலூர் நான்கு வழிச்சாலையில் இரவு விபத்து நடந்த இடத்தில் நிற்கும் வண்டியின் விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கினால், சாலையில் குனிந்து நிற்கும் செவிலியரும் காவலரும் அவர் கண்ணில் படமாட்டார்கள். இரவில் ஒளியைக் குறைக்கும் சுவிட்ச் அதற்காகத்தான்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ் கட்டுமானத்துக்கு ஏ.ஐ.எஸ். 125 தரநிலை இருக்கிறது. அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடை விதிக்கிறது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்கிறது 194-இ. வழிவிடச் சொல்லும் அரசு, வழிவிட்ட பிறகு போகும் வண்டி பத்திரமானதா என்றும் பார்க்க வேண்டாமா?

எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் இந்த வண்டிகள் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனைக்கு வந்தாக வேண்டும். விளக்கு எரிகிறதா, சைரன் கத்துகிறதா என்பதோடு அந்தச் சோதனை நின்றுவிடக் கூடாது. எந்த லைனில் எத்தனை ஆம்பியர், என்ன தடிமன் வயர், எந்த ஃபியூஸ் என்று எழுதி, வேலை செய்த எலக்ட்ரீஷியன் கையெழுத்திட்ட ஒரு தாள் வண்டியில் இருக்க வேண்டும். அது இல்லாமல் எஃப்.சி. தரக் கூடாது.

சின்ன உரிமையாளர் தாங்குவாரா என்று கேட்பார்கள். ஃபியூஸ் ஹோல்டர், ரிலே, ரப்பர் புஷ், வயர் மீது போடும் உறை எல்லாம் சேர்ந்தாலும் லைட் பார் விலைக்குப் பக்கத்தில் வராது. குறைவாக இருப்பது பயிற்சிதான். வயரிங் கடைக்காரர்களைப் பழிப்பதிலும் நியாயமில்லை. விளக்கு எரிய வேண்டும் என்பதற்கு மேல் அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கோ.புதூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் அவர்களுக்கு ஒரு குறுகிய காலப் பயிற்சி நடத்திச் சான்றிதழ் கொடுப்பது மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய காரியம் அல்ல. அடுத்த சித்திரைத் திருவிழாப் பணிக்கு அழைக்கப்படும் ஒவ்வொரு ஆம்புலன்ஸும் அந்தத் தாளைக் காட்டிவிட்டுத்தான் தல்லாகுளத்துக்குள் நுழைய வேண்டும்.